டிரையத்லானிலிருந்து முதல் மாரத்தானுக்கு: மூச்சு தயார், எலும்பு தயாரா?

உங்கள் கேள்வியை ஒருமுறை நானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதிவிடக் கூடாது. மூன்று வருடமாக டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி, செய்கிறீர்கள். ஒலிம்பிக் தூரம் (1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்) நான்கு முறை, அரை அயர்ன் தூரம் (1.9 நீச்சல், 90 சைக்கிள், 21 ஓட்டம்) ஒரு முறை முடித்திருக்கிறீர்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரப் பயிற்சி. அதில் நீச்சல் இரண்டரை, சைக்கிள் ஐந்து, ஓட்டம் இரண்டரை. ஓட்டம் வாரத்தில் இரண்டே நாள், மொத்தம் 24 கி.மீ. இன்னும் 18 வாரத்தில் முதல் மாரத்தான். நீச்சலையும் சைக்கிளையும் நிறுத்திவிட்டு அந்த ஏழரை மணி நேரத்தையும் ஓட்டத்துக்குத் திருப்பிவிடலாமா, 10 கி.மீ.யை 52 நிமிடத்தில் ஓடும் உங்களால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், ‘ஒரு வாரமாக வலது கணைக்காலில் லேசான வலி, பெரிதாக ஒன்றுமில்லை’ என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். பொறுமை இல்லாவிட்டால் நேராக அங்கே போய்விடுங்கள், ஏனென்றால் எனக்கு உங்கள் நேரக் கணக்கைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இந்த எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மூன்று வருடம் சேர்த்துவைத்த உடல்திறன் மாரத்தானில் எவ்வளவு செல்லுபடியாகும்? நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருடமாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் ஓடுகிறவர்கள், அதில் கணிசமானோர் டிரையத்லானிலிருந்து வந்தவர்கள். நானும் அந்த வழியாக வந்து அடிபட்டவன்தான். எலும்பு, தசை, நாண் பற்றிக் கொஞ்சம் உறுதியோடு பேசுவேன். சாப்பாடு பற்றிச் சொல்வது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டதும் நான் செய்து பார்த்ததும். இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது இருந்தால் அதற்கு நான் ஆள் இல்லை, மருத்துவரைப் பாருங்கள்.

செல்லுபடியாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது பெரிய தொகை. இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, உடம்பில் ரத்தத்தின் அளவு எவ்வளவு, கொழுப்பை எரித்து மணிக்கணக்கில் ஓட்டிச் செல்லும் பழக்கம் எந்த அளவுக்கு இருக்கிறது, இதெல்லாம் சைக்கிளில் சம்பாதித்தாலும் ஓட்டத்தில் செலவு செய்யலாம். இதில் சந்தேகமே இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுவது, திட்டத்தைப் பார்த்து நடப்பது, மூன்று மணி நேரம் தனியாக உழைக்கும் மனசு, இவையும் கூடவே வரும். சோபாவிலிருந்து எழுந்து வந்து மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவரைவிட நீங்கள் பல மாதம் முன்னால் நிற்கிறீர்கள்.

ஆனால் சைக்கிள் மிதிக்கும்போது தரை உங்களைத் திருப்பி அடிப்பதில்லை. நீச்சலில் தரையே இல்லை. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 165 அடி என்று வைத்துக்கொண்டால், நாலேகால் மணி நேரத்தில் ஏறத்தாழ 42,000 அடிகள். தசை வேலை செய்யும் விதமும் வேறு. மிதிக்கும்போது தொடையின் முன்தசை சுருங்கித் தள்ளுகிறது. ஓடும்போது கால் தரையில் பட்டதும் அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். இப்படி நீண்டுகொண்டே தாங்குவதுதான் தசை நாரைக் கிழிக்கிறது. மாரத்தான் ஓடியவர்கள் மறுநாள் மாடிப்படியில் ஏறுவதற்குச் சிரமப்படுவதில்லை, இறங்குவதற்குத்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார்கள். 180 கி.மீ. சைக்கிள் மிதித்த மறுநாள் இது நடக்காது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்த இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும், உங்களுக்கு ஏற்கெனவே தேறியிருக்கிறது. எலும்பு அப்படியில்லை. புதிய சுமை வந்ததும் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், அப்புறம்தான் புதியதை நிரப்பும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். வீட்டில் ஒரு சுவரை இடித்துவிட்டு இன்னும் கட்டாமல் இருக்கிற நிலை. டிரையத்லானிலிருந்து வருபவர்கள் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் என் அறைக்கு நொண்டிக்கொண்டு வருவது இதனால்தான் என்று நினைக்கிறேன். புதிதாக ஓட வருபவரை மூச்சு நிறுத்திவிடும், அது அவருக்கு ஒரு காவல். உங்களுக்கு அந்தக் காவல் இல்லை. 20 கி.மீ. ஓடியும் மூச்சு வாங்காது, ‘இன்னும் போகலாம்’ என்று உடம்பு சொல்லும். சொல்வது நுரையீரல். எலும்பு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

என் கதை இதுதான். அரை அயர்ன் முடித்த தெம்பில் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். சைக்கிள் நேரத்தை அப்படியே ஓட்டமாக மாற்றினேன். 25 கி.மீ.யிலிருந்து ஏழாவது வாரத்தில் 65 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஓட்டமும் அவ்வளவு சுகமாக இருந்தது. கணைக்காலில் ஓர் இடம் மட்டும் ஓட்டத்தின் தொடக்கத்தில் வலிக்கும், சூடானதும் மறைந்துவிடும். அப்போது என்னோடு ஓடிய குழுவின் பயிற்சியாளர் ‘ஓடி ஓடிச் சரியாகிவிடும்’ என்றார். நானும் பிசியோதெரபி படித்தவன்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த பதிலாக இருந்ததால் நம்பினேன். ஒன்பதாவது வாரம் எம்ஆர்ஐ படத்தில் எலும்பில் மெல்லிய கோடு தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் இல்லை. போட்டியன்று வீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாதாரண ஆட்களுக்குத்தான் இந்த இடைவெளி என்று நினைக்க வேண்டாம். க்வென் ஜோர்கென்சன் 2016 ரியோ ஒலிம்பிக்கில் டிரையத்லான் தங்கம் வென்றவர், அந்தக் காலகட்டத்தில் டிரையத்லான் பெண்களில் ஓட்டத்துக்குப் பெயர் போனவர். அதே ஆண்டு நவம்பரில், அதாவது பதினோரு வாரம் கழித்து, நியூயார்க் மாரத்தானில் ஓடினார். 2 மணி 41 நிமிடம், 14-ஆவது இடம். பிறகு முழுநேரமாக மாரத்தானுக்கே மாறி, 2018-இல் சிகாகோவில் 2 மணி 36 நிமிடத்தில் 11-ஆவதாக வந்தார். அடுத்த ஆண்டு குதிகாலில் அறுவை சிகிச்சை, சில ஆண்டுகளில் மீண்டும் டிரையத்லானுக்கே திரும்பினார். நமக்கெல்லாம் அவை கனவு நேரங்கள். ஆனால் அவர் மாரத்தானில் ஒலிம்பிக் தங்கத்தைக் குறிவைத்து இறங்கியவர். அவரிடம் இல்லாத மூச்சு நம்மிடம் இல்லை.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: மணிக்கு மணி மாற்றாதீர்கள். பத்து மணி நேரம் ஓடினால் உங்கள் வேகத்தில் வாரம் 95 கி.மீ. வரும். இப்போது ஓடுவதைப்போல் நான்கு மடங்கு. உங்களுக்கு உச்ச வாரத்தில் 55 முதல் 60 கி.மீ. போதும், அதாவது ஆறு மணி நேரம் சொச்சம். மீதி நேரத்தில் கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் நீச்சல், மீதி தூக்கம். டிரையத்லான்காரருக்கு இதுதான் கஷ்டமான பகுதி. காலண்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நமக்குப் பாவம் செய்த மாதிரி இருக்கும். மூன்று விளையாட்டு இருந்தபோது ஒன்று களைத்தால் இன்னொன்றுக்குத் தாவலாம், தினமும் எதையாவது செய்யலாம். இங்கே களைப்பதும் அதே கால், ஆற வேண்டியதும் அதே கால்.

முதல் இரண்டு, மூன்று வாரம் தூரத்தைக் கூட்டவே வேண்டாம். இப்போது இரண்டு நாளில் ஓடும் அதே 24 கி.மீ.யை நான்கு நாளாகப் பிரியுங்கள்: 5, 5, 4, 10 என்பதுபோல. பார்க்க அற்பமாக இருக்கும். ஆனால் எலும்புச் செல்கள் சுமைக்குக் கொஞ்ச நேரம்தான் பதில் சொல்லும், பிறகு மரத்துவிடும், பல மணி நேரம் கழித்துத்தான் மறுபடி விழிக்கும். இதற்கான ஆதாரம் பெரும்பாலும் விலங்குகளில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது, மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரே நாளில் கொட்டாமல் சின்னச் சின்னப் பங்காகக் கொடுப்பது என் அனுபவத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. நான்கு நாள் ஓட்டம் உடம்புக்குப் பழகிய பிறகு வார இறுதி நீள ஓட்டத்தை ஒன்றிரண்டு கி.மீ. வீதம் ஏற்றுங்கள். மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இறக்குங்கள். இப்படிப் போனால் பதினான்கு, பதினைந்தாவது வாரத்தில் நீள ஓட்டம் 30 கி.மீ.யைத் தொடும். 32 வரை போகலாம், ஆனால் அதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும் என்றால் நான் மூன்று மணி நேரத்திலேயே நிறுத்தச் சொல்வேன். மாரத்தானுக்கு முன் 42 கி.மீ.யையும் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தேவையில்லை. அதிலிருந்து தேறுவதற்குள் போட்டி வந்துவிடும்.

‘வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே’ என்ற விதியை எல்லோரும் வேதவாக்காகச் சொல்வார்கள். புதிதாக ஓட வந்தவர்களிடம் அதை வைத்துச் சோதித்தபோது காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அந்த எண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது. நாள் எண்ணிக்கையைக் கூட்டும் வாரத்தில் தூரத்தைத் தொடாதீர்கள். தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைத் தொடாதீர்கள்.

வேகம் என்றதும் இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். டிரையத்லான்காரர்கள் பலருக்கு மெதுவாக ஓடவே வராது. சைக்கிளிலிருந்து இறங்கி ஓடும்போது எப்போதும் ஒருவித அரைகுறை வேகத்தில் ஓடிப் பழகியிருப்பார்கள்: சும்மா போவதற்கு அது வேகம், வேகப் பயிற்சிக்கு அது மெதுவு. உங்கள் வாராந்திர ஓட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். உங்களுக்கு அது கி.மீ.க்கு 6:40, 7 நிமிடமாகக்கூட இருக்கலாம், கூச்சப்படாதீர்கள். சைக்கிளுக்கு வைத்திருக்கும் இதயத் துடிப்பு எல்லைகளை ஓட்டத்துக்கு அப்படியே எடுக்காதீர்கள். ஓட்டத்தில் உடம்பு முழுவதையும் தூக்க வேண்டியிருப்பதால் அதே சிரமத்துக்குப் பலருக்கு ஐந்து முதல் பத்துத் துடிப்பு அதிகமாக இருக்கும். ‘அகலக்கால் வைக்காதே’ என்று பெரியவர்கள் சொன்னதைக் கடனுக்கு மட்டுமல்ல, ஓட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அடியைக் கொஞ்சம் சுருக்கி, எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது, இது அளந்து பார்த்த விஷயம். ஆனால் எல்லோரும் நிமிடத்துக்கு 180 அடி வைத்தே ஆக வேண்டும் என்பது கட்டுக்கதை. உயரம், வேகம் பொறுத்து அது மாறும்.

சைக்கிளை விற்றுவிட வேண்டாம். நீள ஓட்டத்துக்கு மறுநாள் ஒரு மணி நேரம் லேசான கியரில் சுற்றுவது கால் பிடிப்பைத் தளர்த்தும், தரை அடியும் இல்லை. இன்னொரு தந்திரம் உங்களைப் போன்றவர்களால் மட்டும் செய்ய முடிவது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நீள ஓட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஒன்றரை மணி நேரம் சைக்கிள். மறுநாள் ஓட்டத்தைக் களைத்த காலோடு தொடங்குவீர்கள். 22 கி.மீ. ஓடும்போதே 30 கி.மீ.யின் பிற்பகுதி எப்படி இருக்கும் என்று ருசி பார்க்கலாம், எலும்பு அந்த எட்டுக் கி.மீ.யின் அடியை வாங்காமலே. இது நிரூபணமான முறை என்று சொல்லமாட்டேன், என்னிடம் வந்தவர்களுக்கு ஒத்துவந்தது, அவ்வளவுதான். சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடும் பிரிக் பயிற்சியை இந்த 18 வாரத்துக்கு மறந்துவிடலாம். மாரத்தானில் யாரும் உங்களைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடப் போவதில்லை. நீச்சல் வாரத்துக்கு ஒருநாள், மனசுக்காக.

வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம், கனமான எடைப் பயிற்சி செய்யுங்கள். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி மூன்று எண்ணிக்கையில் மெதுவாக இறக்குவது, படியிலிருந்து ஒற்றைக் காலில் இறங்குவது, இவை இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எடைப் பயிற்சியால் ஒரே வேகத்துக்குச் செலவாகும் ஆற்றல் குறைகிறது என்பதற்கு ஆதாரம் நன்றாக இருக்கிறது. காயத்தைத் தடுக்கிறது என்பதற்கு அந்த அளவுக்கு இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் உங்களுக்குத் தெரியாமலே ஒரு சலுகை இருந்திருக்கிறது. அரை அயர்னில் சைக்கிள்தான் உங்கள் சாப்பாட்டு மேசை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடி, வயிறு குலுங்காமல், கையில் பாட்டிலோடு போனீர்கள். ஓட்டம் தொடங்கும்போது வயிற்றில் இருப்பு இருந்தது. மாரத்தானில் அந்த மேசை கிடையாது. கணக்கைப் பாருங்கள்: ஓட்டத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு, கி.மீ.க்கு, ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. 70 கிலோ ஆளுக்கு 42.195 கி.மீ.க்கு 2,950 கிலோகலோரி. தசையிலும் ஈரலிலும் சேமித்துவைக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கிலோகலோரிக்குத்தான் வரும். மீதியைக் கொழுப்பு கொடுக்கும், ஆனால் மெதுவாகக் கொடுக்கும். வேகம் கூடக்கூட மாவுச்சத்தின் பங்கு கூடும். 30 கி.மீ.க்கு மேல் சுவரில் முட்டியது மாதிரி நிற்பதன் பின்னணியில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. தசைக் கிழிசலும் சேர்ந்துகொள்ளும்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவாக ஏற்ற அளவு. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக இருந்தால் பழகிய வயிறு 90 கிராம் வரை தாங்கும். ஓடிக்கொண்டே பிழிந்து விழுங்கும் சர்க்கரைக் கூழான ஜெல்கள் பலவற்றில் 20 முதல் 30 கிராம் இருக்கும், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஜெல்லைப் பசி வந்தபின் தேடாதீர்கள், முதல் 40 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். சைக்கிளில் ஒத்துக்கொண்ட அதே ஜெல் ஓட்டத்தில் குமட்டலாம், ஏனென்றால் ஓடும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, குலுக்கலும் அதிகம். அதனால் 20 கி.மீ.க்கு மேற்பட்ட ஒவ்வொரு நீள ஓட்டமும் காலுக்கு மட்டுமல்ல, வயிற்றுக்கும் ஒத்திகை.

தண்ணீரில் பயம் இரண்டு பக்கமும் இருக்கட்டும். குறைவாகக் குடிப்பது தெரிந்த ஆபத்து. அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்துதான்: 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தை முடிவுக் கோட்டில் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. வழியில் அதிகம் குடித்து எடை கூடியவர்களுக்கும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கும்தான் அது அதிகம் வந்தது. நானும் நீங்களும் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் கடமைக்காகக் குடிக்காதீர்கள். ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போடுவதும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது கெடுதல்.

சின்னச் சமாச்சாரங்கள் சில. டிரையத்லானில் நேரம் மிச்சம் பிடிக்க ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டிருப்பீர்கள், சாக்ஸ் இல்லாமலும் ஓடியிருப்பீர்கள். 10 கி.மீ.க்கு அது சரி. மூன்று மணி நேரத்தில் பாதம் வீங்கும், எலாஸ்டிக்கில் கால் முன்னுக்கு வழுக்கி வழுக்கிப் பெருவிரல் நுனி ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும். என் முதல் 28 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு சாக்ஸைக் கழற்றியபோது இரண்டு நகமும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. சாதாரண லேஸ், குதிகால் நகராதபடி மேல் துளைவரை கோத்துக் கட்டுவது, விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம், இவ்வளவு போதும். கார்பன் தகடு வைத்த ஷூ வேகமாக ஓடுபவர்களுக்கு ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. நம் வேகத்தில் அந்தப் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. வாங்கினாலும் எல்லா நாளும் போடாதீர்கள், போட்டியன்று முதல் முறையாகவும் போடாதீர்கள்.

இப்போது நான்கு மணி நேரம். ரீகல் சூத்திரம் என்று ஒன்று உண்டு: தூரம் எத்தனை மடங்கோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தி நேரத்தோடு பெருக்குவது. உங்கள் 52 நிமிடத்தை அதில் போட்டால் 3 மணி 59 நிமிடம் வருகிறது. பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அந்தச் சூத்திரம் இரண்டு தூரத்துக்கும் சமமாகத் தயாரானவரை வைத்துப் போட்டது. வாரம் 55 கி.மீ. ஓடி முதல் மாரத்தானுக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதைவிடத் தாமதமாகத்தான் வருகிறார்கள். போட்டிக்கு ஐந்து, ஆறு வாரம் முன்னால் ஓர் அரை மாரத்தானை முழு முயற்சியோடு ஓடுங்கள். 1 மணி 52 நிமிடத்துக்குள் வந்தால் நான்கு மணி நேரத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்தால் 4 மணி 20 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள், கி.மீ.க்கு 6:10. என்னைக் கேட்டால் முதல் மாரத்தானுக்கு எப்படியும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஏன் என்றால், தொடக்கக் கோட்டில் உங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒன்று காத்திருக்கிறது: களைக்காத கால். டிரையத்லானில் ஓட்டம் தொடங்கும்போதே தொடை மரக்கட்டையாக இருக்கும், அடக்கி ஓடு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மாரத்தானில் ஒரு வாரம் ஓய்வெடுத்த காலோடு நிற்பீர்கள். எலும்பு முறிவு ஆறி, மறு ஆண்டு நான் ஓடிய முதல் மாரத்தானில் 5:50 வேகம் என்பது திட்டம். ஐந்தாவது கி.மீ.யில் கடிகாரம் 5:20 காட்டியது, எனக்கு நடப்பது போல இருந்தது. ‘மிச்சம் பிடித்துவைப்போம்’ என்று விட்டுவிட்டேன். 33-ஆவது கி.மீ.யில் சாலையிலிருந்து நடைபாதை விளிம்பில் ஏறினேன், குடிக்க ஏதோ வாங்குவதற்கு. திரும்ப இறங்க முடியவில்லை. அரை அடி உயரம். மூச்சு சாதாரணமாக இருக்கிறது, பேசினால் பேச வருகிறது, காலை மடக்கினால் தொடை பிடிக்காமல் விட்டுவிடுகிறது. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மீதி ஒன்பது கி.மீ.யைப் பெரும்பாலும் நடந்தேன். 4 மணி 38 நிமிடம். முதல் பத்துக் கி.மீ.யில் பிடித்த ஐந்து நிமிட மிச்சத்துக்குக் கட்டிய வட்டி அது. கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2018-இல் பெர்லினில் 2:01:39 என்ற உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33. நம்மால் அப்படி முடியாவிட்டாலும், முதல் ஐந்து கி.மீ.யைத் திட்டத்தைவிடப் பத்து நொடி மெதுவாக ஓட நம்மாலும் முடியும்.

கடைசி இரண்டு, மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகப் பாதிக்குக் குறையுங்கள். வேகத்தை முழுக்க விட்டுவிடாமல் சின்ன அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. கை சும்மா இருக்காமல் அந்த வாரங்களில் நீச்சல் குளத்தில் போய் வேகப் பயிற்சி செய்கிற டிரையத்லான்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். போட்டிக்கு முந்தைய ஒன்றரை, இரண்டு நாளில் மாவுச்சத்தை நன்றாகக் கூட்டி, நார்ச்சத்தையும் கொழுப்பையும் குறைத்துச் சாப்பிடுங்கள். ஒரு கிலோ எடை கூடினால் பயப்படாதீர்கள், சேமித்த மாவுச்சத்தோடு தண்ணீரும் சேர்ந்து தங்கும்.

இனி அந்தக் கணைக்கால். எழுத்தில் படித்துவிட்டு இது இன்னதுதான் என்று சொல்ல என்னால் முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் நீங்களே ஒன்று பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் பெருவிரலை வைத்து, கணுக்காலிலிருந்து மேலே ஒவ்வொரு விரல் அகலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக, சுமாராக இருந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வும் தசை இணையும் இடமும் உறுத்தப்பட்டிருக்கிறது. தூரத்தைப் பாதியாகக் குறைத்து, ஆடுசதையைப் பலப்படுத்தினால் அடங்கும். வலி ஒரு நாணயம் மூடும் அளவு இடத்தில் மட்டும், தொட்டதும் சுருக்கென்று இருந்தால், அல்லது அந்த ஒற்றைக் காலில் குதித்தால் வலித்தால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், இன்றிலிருந்தே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எனக்கு வந்தது மாதிரி மெல்லிய எலும்பு முறிவாக இருந்தால், முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது, ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்ற வார்த்தையோடு திரும்பி வராமல் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். நீச்சல் அதுவரை தாராளமாகச் செய்யலாம், சைக்கிள் வலிக்காவிட்டால் செய்யலாம். 18 வாரத்தில் மூன்று வாரம் ஓடாமல் போனாலும் மாரத்தான் கைவிட்டுப் போகாது. அழுத்திப் பார்த்துவிட்டு, நாணயமா சாணா என்று மட்டும் எழுதுங்கள், அதற்கேற்ப முதல் ஆறு வாரத்தை எப்படி அமைப்பது என்று சொல்கிறேன்.